இரண்டு ஆண்டு, நான்கு தவணை: சீனியர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் ஓவியர்களுக்கு

நாற்பது வயதைக் கடந்து, பத்துப் பதினைந்து கண்காட்சிகள் வைத்து, தனக்கென்று ஒரு கைமொழி கூடிவந்த ஓவியரோ சிற்பியோ நம் நாட்டில் நிதியுதவி தேடினால், கிடைப்பவை பெரும்பாலும் ஒருமுறை கொடுத்து முடித்துக்கொள்பவை. ஒரு பரிசு, ஒரு முகாம், ஒரு கண்காட்சிக்கான உதவி. மாதக் கணக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் நீளும் நல்கை அரிது. அந்த அரிதான சிலவற்றில் முதலில் சொல்லவேண்டியது மத்திய கலாச்சார அமைச்சகத்தின் சீனியர் ஃபெலோஷிப். மாதம் 20,000 ரூபாய், இரண்டு ஆண்டு, மொத்தம் 4,80,000. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,20,000 வீதம் நான்கு சம தவணைகளில் தருகிறார்கள். ஓர் ஆண்டின் பட்டியலில் அதிகபட்சம் 200 பேர். இசை, நடனம், நாடகம், இலக்கியம் எல்லாம் அந்த 200-க்குள்தான். ஓவியம், சிற்பம், கிராஃபிக்ஸ் எனும் அச்சுக் கலை, படைப்புப் புகைப்படம் ஆகியவற்றுக்கு அதில் ஒரு பங்கு.

விண்ணப்பங்களைக் கையாள்வது சி.சி.ஆர்.டி. எனப்படும், டெல்லி துவாரகாவில் உள்ள கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம். கல்வித் தகுதி, முன்பு இதே அமைச்சகத்திடம் உதவி பெற்றவர்களுக்கான கட்டுப்பாடு போன்ற விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் வரி விடாமல் படித்துக்கொள்ளுங்கள். போன முறை நண்பர் நிரப்பிய படிவத்தை வைத்து இந்த முறை நிரப்புவது ஆபத்து.

இதன் அக்கம்பக்கத் திட்டங்களையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது, தவறான கதவைத் தட்டி ஓர் ஆண்டை இழக்காமல் இருக்க. 25 முதல் 40 வயது வரை ஜூனியர் ஃபெலோஷிப், மாதம் 10,000, அதுவும் இரண்டு ஆண்டு. 18 முதல் 25 வரை இளம் கலைஞர் உதவித்தொகை, மாதம் 5,000. அருங்காட்சியகச் சேகரிப்பு ஒன்றோடு சேர்ந்து ஆழமாக வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு தாகூர் தேசிய ஃபெலோஷிப் இருக்கிறது: மாதம் 80,000, செலவுத் தொகை தனி, இரண்டு ஆண்டு வரை. ஆனால் அது பங்கேற்கும் நிறுவனம் ஒன்றின் வழியாக நடப்பது. அந்த நிறுவனத்தின் சேகரிப்பிலோ ஆவணத்திலோ உங்கள் பொருள் வேர் கொண்டிருக்க வேண்டும். ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிற பெரும்பாலான ஓவியர்களுக்குப் பொருந்துவது சீனியர் ஃபெலோஷிப்தான்.

இந்தப் பணம் எதற்கு என்பதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கண்காட்சி வைக்க அல்ல. பயிற்சி கொடுக்க, பட்டறை நடத்த, கருத்தரங்கு கூட்ட, சுயசரிதை எழுத, புனைவு எழுத, எதற்கும் இது கிடையாது என்று திட்ட விதிகளிலேயே சொல்லியிருக்கிறார்கள். பண்பாட்டு ஆய்வுக்கான உதவி இது. "நான் ஓவியன், ஆய்வாளன் இல்லையே" என்று பலர் இந்த இடத்தில் பின்வாங்கிவிடுகிறார்கள், பின்வாங்கத் தேவையில்லை. ஓவியர் கையால் செய்து பார்த்துக் கண்டுபிடிப்பதும் ஆய்வுதான். அதை ஆய்வின் வடிவில் எழுதத் தெரியவேண்டும், அவ்வளவே.

ஒரு மாதிரி பார்ப்போம். நாயக்கர் காலச் சுவரோவியங்களை எடுத்துக்கொண்டு ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "தமிழகச் சுவரோவிய மரபின் ஆன்மாவை நவீன ஓவிய மொழியில் மீட்டெடுக்கும் என் தேடலின் தொடர்ச்சியாக இத்திட்டம் அமையும்." படிக்க நன்றாக இருக்கிறது. இதில் மதிப்பிட ஒன்றும் இல்லை. எந்தக் கோயில், எத்தனை ஓவியம், எப்போது முடியும், முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது? பரிசீலிப்பவர் கையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும்போது இந்த வாக்கியம் அவருக்கு எதையும் தருவதில்லை.

அதே ஆள் இப்படி எழுதலாம்: "சுவரில் உருவம் முதலில் காவிக் கோட்டால் போடப்படுகிறது. வண்ணம் நிரப்பிய பிறகு கறுப்பில் மீண்டும் கோடு இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு கோடுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடங்களை மூன்று கோயில்களில் பதிவு செய்வேன். அதே வரிசையில் சுண்ணாம்புப் பூச்சுப் பலகைகளில் செய்து பார்ப்பேன். இரண்டாம் ஆண்டில் அந்த அனுபவத்திலிருந்து 4 அடிக்கு 3 அடி அளவில் 12 ஓவியங்கள் வரைவேன்." இங்கே கேள்வி இருக்கிறது, செய்யும் முறை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. ஓவியர் ஒருவரால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி என்பதும் தெரிகிறது. வரலாற்றுப் பேராசிரியர் இந்தக் கோட்டு விலகலைத் தேடி அலையமாட்டார்.

கூடவே, உங்களுக்கு முன் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் படலத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி வெளிக்கொண்டுவந்தார். அது ஈரப் பூச்சின்மேல் வரைந்தது என்று சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ்.பரமசிவன் ஆராய்ந்து எழுதினார். சுவரோவியத் திட்டம் ஒன்றில் இந்தப் பெயர்கள் இல்லையென்றால், விண்ணப்பதாரர் இந்தத் துறைக்குள் இன்னும் காலடி வைக்கவில்லை என்று தெரிந்துவிடும். உங்கள் பொருள் கறுப்புக் களிமண்ணோ, கோலமோ, சினிமா பேனரோ, எதுவானாலும் இதே கணக்குதான்.

இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அனுமதியைக் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் முதல் ஆறு மாதம் கரைந்துபோகிறது. சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. முக்காலி வைத்துப் படமெடுக்கவே தனி அனுமதி வேண்டும். தஞ்சையின் உட்சுற்று பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் எழுத்துவழி அனுமதிக்குச் செயல் அலுவலரில் தொடங்கி மேலே போகவேண்டும். கும்பாபிஷேகத் திருப்பணி நடந்துகொண்டிருந்தால் சாரமும் தகரமும் கட்டிப் பல மாதம் மூடியிருப்பார்கள். சிதம்பரத்தில் சிவகாமி அம்மன் சந்நிதி விதான ஓவியத்துக்கு தீட்சிதர்களிடம் பேசவேண்டும். ஆகவே திட்டத்தில் மூன்று இடம் எழுதுகிறவர், கைவசம் ஐந்து இடம் வைத்திருக்கட்டும். மூன்றும் ஒரே துறையின் கையில் இருக்கும்படி அமைக்காதீர்கள், ஒரு கையெழுத்து நின்றால் மூன்றும் நின்றுவிடும். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வேண்டுகோள் கடிதம் கொடுத்து, அதன் பெறுகைச் சீட்டை இணைப்பில் சேர்த்தால், அனுமதி கையில் இல்லாவிட்டாலும் வழி தெரிந்தவர் என்ற நம்பிக்கை வரும்.

இப்போது காலம். 24 மாதத்தையும் நாலு துண்டாகவே நினையுங்கள், பணம் அப்படித்தான் வருகிறது. ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்கவேண்டும். நம் மாதிரித் திட்டத்தில் முதல் துண்டு: கள வேலை, கோட்டுப் பதிவுகள், சுண்ணாம்பை ஊறவைப்பது. இரண்டாவது: 24 சோதனைப் பலகைகள், ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு ஓர் அடி. மூன்றாவது: ஆறு ஓவியம். நான்காவது: மீதி ஆறு, அறிக்கை. "முதல் ஆண்டு ஆய்வு, இரண்டாம் ஆண்டு படைப்பு" என்று இரண்டே துண்டாக எழுதினால், முதல் ஆறு மாத அறிக்கையில் வைக்க ஒன்றும் இருக்காது. படித்தேன், யோசித்தேன் என்று நாலு பக்கம் நிரப்பவேண்டி வரும். அடுத்த தவணைக்கு அந்த நாலு பக்கத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

சுண்ணாம்பு ஏன் முதல் துண்டில் வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லா ஊடகத்துக்கும் இப்படி ஒரு மெதுவான கட்டம் உண்டு. அதை விட்டுவிட்டால் அட்டவணை சரிந்துவிடும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்கவைத்துச் சில மாதமாவது விடவேண்டும், அதிகமானால் நல்லது. அவசரப்பட்டால் நீறாத பருக்கைகள் உள்ளே தங்கிவிடும். பூச்சு காய்ந்து, படம் வரைந்து, வாரங்கள் போனபிறகு அந்தப் பருக்கை ஈரத்தை இழுத்து உப்பி, மேல்பூச்சைச் சில்லாகத் தள்ளிவிடும். முகத்தின் நடுவில் ஒரு குழி விழும். சலிப்பதாலும் அரைப்பதாலும் குறைக்கலாம், காலத்துக்கு ஈடாகாது. வண்ணத்திலும் இதே கவனம் வேண்டும். காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குக் கரி எல்லாம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். அல்ட்ராமரின் நீலமும் தாங்கும். கடையில் கிடைக்கும் பிரஷ்யன் நீலம் அந்தக் காரத்தில் நிறம் கெட்டுவிடும், குரோம் மஞ்சள் சிவப்புப் பக்கம் திரும்பிவிடும். 24 சோதனைப் பலகை என்பது இந்த விபத்துகளைச் சின்ன அளவில் நடத்திப் பார்த்துக்கொள்வதற்குத்தான். வெண்கல வார்ப்பு செய்கிறவருக்கு மெழுகும் உலையும், எட்சிங் செய்கிறவருக்குத் தகடும் அமிலமும், எண்ணெய் வண்ணக்காரருக்கு அடிப்பூச்சு உலர்வதும் இதே மாதிரிக் கட்டங்கள். அவற்றைத் திட்டத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். ஊடகத்தைத் தெரிந்தவர் எழுதியது என்பது அந்த ஒரு பத்தியில் தெரிந்துவிடும்.

திட்டத்தில் மாதங்களைப் பெயர் சொல்லி எழுதவேண்டாம். "1 முதல் 6-ஆம் மாதம் வரை" என்றே எழுதுங்கள். ஓர் ஆண்டின் பெயரில் வரும் தேர்வு முடிவு அந்த ஆண்டு கடந்தபிறகு வருவது வழக்கம், தொடக்க நாள் உங்கள் கையில் இல்லை. தேர்வுக் கடிதம் வந்தபிறகு நிஜ நாட்காட்டியில் பொருத்திப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பூச்சு காயாது, காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், கோயிலுக்குள் வெளிச்சம் இருக்காது. அந்த மூன்று மாதத்தில் விழும் வேலையைக் கோட்டுப் பிரதிகளைச் சரிபார்ப்பது, எழுதுவது என்று மாற்றிக்கொள்ளலாம். மார்கழியும் தையும் கோயில்களில் கூட்டம், களப்பணிக்கு ஆகாது.

பணக் கணக்கு. 20,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் சேர்த்துப் போதாது, இதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. நார்வே அரசு நிலைபெற்ற கலைஞர்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை தரும் பணி உதவித்தொகையின் நோக்கம், அதை வைத்து வாழ்ந்துகொண்டே கலையில் முழுநேரம் செலவிடுவது. நம் தொகை அந்த வகை அல்ல. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது பாத்திக் எனும் மெழுகுச் சாயத் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற வருமானத்தில்தான் ஓவியம் வரைவதற்கான நேரத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். இன்றும் ஃபெலோஷிப் வாங்குகிறவர் பாதி அப்படித்தான் வாழவேண்டியிருக்கும். எனவே 4,80,000-க்குள் அடங்குகிற திட்டத்தையே எழுதுங்கள். 12 வெண்கலச் சிற்பம் என்று எழுதிவிட்டு வார்ப்புக் கூலிக்கே தவிப்பதைவிட, 12 மெழுகு மாதிரியும் இரண்டு வார்ப்பும் என்று எழுதுவது நேர்மையானது.

நம் மாதிரித் திட்டத்துக்கு இப்படி ஒரு கணக்குப் போடலாம். ஸ்டூடியோ வாடகையில் ஒரு பகுதி மாதம் 9,000 வீதம் 24 மாதத்துக்கு 2,16,000. பயணம் 12 முறை, தலா 4,500, ஆக 54,000. பலகை, சுண்ணாம்பு, மண்வண்ணம், கேன்வாஸ், சட்டம் எல்லாம் 96,000. பூச்சு வேலைக்கு உதவியாள் 36,000. ஆவணப் புகைப்படம் 40,000. மொழிபெயர்ப்பு, அச்சு, பைண்டிங் 14,000. எதிர்பாராச் செலவு 24,000. கூட்டினால் 4,80,000. இதை ஆறு மாதத் தவணையோடு பொருத்திப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும்: பொருள் செலவு முதல் இரண்டு துண்டில் குவிகிறது, பணமோ சமமாக வருகிறது. அதனால் முதல் தவணை வந்த வாரமே கேன்வாஸ் முழுவதையும் வாங்கிப் போடாதீர்கள். அறிக்கை கொடுத்து, அது பரிசீலிக்கப்பட்டு, அடுத்த தவணை கணக்கில் விழ மாதங்கள் ஆகலாம். ஒவ்வொரு தவணையிலும் மூன்று மாத வாடகையை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியில் வேலையை நடத்தினால் நடுவில் கை நிற்காது. மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் சென்னை மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. கிராஃபிக்ஸ், சிற்பம், சுடுமண் வேலைக்கு அங்கே ஸ்டூடியோக்கள் உண்டு. சொந்தமாக அச்சு எந்திரமோ சூளையோ வாங்குவதாகத் திட்டத்தில் எழுதுவதைவிட அங்கே இடம் கேட்பது பல மடங்கு மலிவு.

படங்களைப் பற்றி. எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்க்கிறவர் முதலில் பார்ப்பது உங்கள் படங்களைத்தான். நல்ல ஓவியத்தை மங்கலான புகைப்படத்தில் அனுப்பித் தோற்பதைப்போல மனம் வலிக்கிற விஷயம் வேறில்லை. கேமராவின் நடுப்புள்ளியும் ஓவியத்தின் நடுப்புள்ளியும் ஒரே உயரத்தில், இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். சுவரில் சாய்த்து வைத்த ஓவியத்தை நின்றபடி எடுத்தால் மேல்பக்கம் ஒரு அளவிலும் கீழ்பக்கம் வேறு அளவிலும் விழும். கைபேசியில் எடுப்பதானால் பக்கத்தில் போய் எடுக்காமல், தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள், விளிம்பு வளையாது. ஃபிளாஷ் வேண்டாம். மேகமூட்டமான காலை வெளிச்சம் போதும். அறைக்குள் என்றால் ஒரே வகை விளக்கு இரண்டு, இடமும் வலமும் 45 பாகையில். வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால் விளக்கை இன்னும் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிசெய்ய அது அளவுகோல்.

கடைசி ஐந்து ஆண்டு வேலைகளை அதிகமாகவும் பழையவற்றைக் குறைவாகவும் வையுங்கள். இருபது படங்களில் இருபது பாணி இருந்தால் முதிர்ந்த கலைஞர் என்ற எண்ணம் வராது. திட்டத்தோடு உறவுள்ள ஒரு தொடரிலிருந்து பாதிக்கு மேல் இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, ஊடகம், உயரம், அகலம், ஆண்டு, இதே வரிசையில். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழ்ப் பெயருள்ள கோப்பு சில இணையதளங்களில் ஏறும்போது சிதைந்துபோகிறது.

இனி, தமிழ்நாட்டுக் கலைஞர்களுக்கே உரிய ஒரு தலைவலி: பெயர். கேன்வாஸில் ஒரு கையெழுத்து, கேட்டலாகில் ஒரு புனைபெயர், கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமல். ஆறும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், டெல்லியில் கோப்பைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அரசுப் பணம் பி.எஃப்.எம்.எஸ். என்ற மின்வழிப் பணம் செலுத்தும் அமைப்பில் வருகிறது, அங்கே பெயரும் கணக்கும் பொருந்தவேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே ஆதார், பான், வங்கி மூன்றையும் ஒரே எழுத்தில் கொண்டுவந்துவிடுங்கள். புனைபெயரில் கண்காட்சி வைத்தவர்கள், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து எல்லா விண்ணப்பத்தோடும் சேர்த்துவிடுவது நல்லது. கெசட்டில் பெயர் மாற்றியவர்கள் அந்தப் பக்கத்தின் நகலை வையுங்கள்.

வங்கிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்கள் எந்தப் பரிமாற்றமும் செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். அலகாபாத் வங்கி 2020-இல் இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கில் உள்ள ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைப் பார்த்துப் படிவம் நிரப்பினால் பணம் வந்த வழியே திரும்பிவிடும்.

நிலைபெற்ற கலைஞர் என்பதற்கான சான்றுகளை அறிவிப்பு வந்தபிறகு தேடத் தொடங்கினால் நேரம் போதாது. அழைப்பிதழ், கேட்டலாக், பத்திரிகை விமர்சனம், ஓவியம் வாங்கிய நிறுவனத்தின் கடிதம் எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக வையுங்கள். தொண்ணூறுகளின் அழைப்பிதழ்கள் மழையிலும் கரையானிலும் போயிருந்தால், உடன் கண்காட்சி வைத்த நண்பர்களிடமும், கேலரியிலும், பழைய நாளிதழ் இருக்கும் நூலகத்திலும் கேட்டு நகல் எடுங்கள். இந்தக் கோப்பு வேறு இடத்துக்கும் பயன்படும். அமெரிக்காவின் அடால்ஃப் அண்ட் எஸ்தர் காட்லீப் அறக்கட்டளை ஓவியர், சிற்பி, அச்சுக் கலைஞர்களுக்குத் தரும் உதவிக்கு, முதிர்ந்த நிலையில் 20 ஆண்டு வேலை செய்திருப்பதைக் காட்டச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு சான்று என்றாலும் 20 காகிதம். அதுவும், ஓவியர்களுக்கு உதவும் இன்னொரு அமெரிக்க அமைப்பான பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளையின் உதவியும் பல ஆண்டு நீள்பவை அல்ல. ஆனால் ஃபெலோஷிப்புக்கு முன்னாலோ பின்னாலோ ஒன்று அமைந்தால் உங்கள் இரண்டு ஆண்டு மூன்றாக நீளும். வெளிநாட்டுப் பணம் வரும் முன், வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டில் பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் நல்கை தருகிறது. தமிழிலேயே திட்டம் எழுதி அனுப்பலாம் என்பது அதன் பெரிய வசதி. அங்கே வரவுசெலவுத் திட்டமும் கேட்பார்கள், மேலே போட்டது போன்ற கணக்கு அப்போது கைகொடுக்கும். ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக்கூடாது. எந்தப் பணத்தில் எந்தப் பகுதி என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

மத்திய அமைச்சகப் படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழில் யோசிப்பவர் நேரடியாக ஆங்கிலத்தில் எழுத முயன்றால், தெரிந்த பத்துப் பெரிய சொற்களில் வந்து நிற்கும். மேலே பார்த்த "ஆன்மாவை மீட்டெடுக்கும்" வாக்கியங்கள் அப்படிப் பிறப்பவைதான். முதலில் தமிழில், ஸ்டூடியோவில் ஓர் இளைஞருக்கு விளக்குகிற மாதிரி எழுதுங்கள். பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: அலங்காரம் சேர்க்கக்கூடாது, எண்ணையும் அளவையும் தொடக்கூடாது. திரும்பி வந்ததைக் கலை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அனுப்பலாம்.

தேர்வான பிறகு அறிக்கைதான் எல்லாம். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, இடம், செய்தது, தவறியது. தவறியதையும் எழுதுங்கள், 7-ஆம் எண் பலகையில் நீலம் ஏன் கெட்டது என்ற ஒரு குறிப்பு, சரியாக வந்த பத்துப் பலகையைவிட அறிக்கையில் பயனுள்ளது. ஓவியம் நிலை நிலையாக வளர்வதைத் தேதியோடு படமெடுங்கள். முடிந்த ஓவியத்தை மட்டும் காட்டினால் அது திட்டத்துக்கு முன்பே வரைந்ததா என்ற கேள்வி வரும். ரசீது கேட்கிறார்களோ இல்லையோ, எல்லா ரசீதையும் ஒரு கவரில் போட்டுவையுங்கள். வெப்பக் காகித ரசீதுகள் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படமெடுத்துவிடுங்கள். அறிக்கையைக் கெடு நாளில் அனுப்பாமல் ஐந்தாம் மாத முடிவிலேயே வரைவை முடித்துவிட்டால், கடைசி மாதத்தின் வேலையைச் சேர்த்து உரிய நாளில் அனுப்பலாம். தாமதமாகப் போன அறிக்கைக்குத் தாமதமாகத்தான் பணம் வரும்.

நடுவில் திட்டம் மாறினால், ஒரு கோயில் கைவிட்டுப்போனால், ஊடகம் ஒத்துவராமல் போனால், உடனே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் கேளுங்கள். தலைப்பைத் தன்னிச்சையாக மாற்றிவிட்டுக் கடைசி அறிக்கையில் சொல்வது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். இடத்தை மாற்றுவது வேறு, கேள்வியையே மாற்றுவது வேறு. முன்னதற்குப் பெரும்பாலும் வழி இருக்கும்.

வருமான வரிக்கு, தேர்வுக் கடிதத்தையும் தவணை வந்த தேதிகளையும் ஆடிட்டரிடம் அந்த நிதியாண்டிலேயே காட்டிவிடுங்கள். வரி பிடித்திருந்தால் வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். இரண்டு ஆண்டு என்பது மூன்று நிதியாண்டுகளில் பரவக்கூடும், தவணை எந்த ஆண்டில் கணக்கில் விழுந்தது என்று குறித்துவைத்திருப்பவருக்கு இது பத்து நிமிட வேலை.

இறுதி அறிக்கையை எழுதும்போது 24 சோதனைப் பலகைகளின் அட்டவணையைப் பின்னிணைப்பில் முழுதாகச் சேர்த்துவிடுங்கள்: சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது, மணல் எத்தனை பங்கு, எந்த மண், எந்த மாதம், காய எத்தனை நாள், இப்போது எப்படி இருக்கிறது. அமைச்சகத்துக்குப் போகும் பிரதியோடு இன்னும் மூன்று பிரதி பைண்ட் செய்து, ஒன்றை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி நூலகத்துக்கும், ஒன்றைக் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிக்கும் கொடுத்து, மூன்றாவதை நீங்கள் கோடு எடுத்த கோயிலின் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வையுங்கள்.